ஏலக்காய் வாசமடித்த டி.வி. கேம்

துபாயிலிருந்து திரும்புகிறவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டு வருவார்கள். போடியில் அப்போது அதுதான் வழக்கம். துபாயில் கம்பி கட்டும் வேலை பார்த்துவிட்டு வந்த என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கொண்டு வந்தது ஒரு டி.வி. கேம். கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து சுருள் ஒயரில் இரண்டு கைப்பிடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குமிழ். டி.வி.யில் சொருகினால் திரையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு தெரியும், நடுவில் ஒரு பொட்டு ஓடும். குமிழைத் திருகிக் கோட்டை மேலும் கீழும் நகர்த்திப் பொட்டைத் தட்டித் திருப்ப வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. மாமா அதை யோசித்ததாகத் தெரியவில்லை.

தெருவில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. “ஒரு மிக்சி கொண்டாந்திருந்தா என் தோள்பட்டையாச்சும் மிஞ்சியிருக்கும்” என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு டெய்லருக்கு வேறு சந்தேகம். எங்கள் ஊரில் மொட்டை மாடியில் உயரமாகக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினால்தான் இலங்கைப் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்தப் பெட்டிக்கு ஆன்டெனாவே வேண்டாமாம்.

“அப்ப படம் எங்கயிருந்துப்பா வருது?”

“துபாய்ல நம்ம சேட்டன் ஒருத்தன் இருக்கான்ணே. டூட்டி முடிஞ்சதும் அனுப்பி விடுவான்” என்றார் மாமா.

டெய்லர் நம்பினார். நானும் நம்பினேன்.

மாமாவுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் இந்தப் பெட்டியால் தட்டிப் போயிருந்தது. சம்பாதித்த காசில் பொம்மை வாங்கியவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அடுத்து தேவாரத்தில் ஒரு பெண். போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மாமா கண்ணாடி முன்னாலேயே நின்றார். இனி அவளுடைய அப்பா எங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டும். அவர் காதுக்கும் பொம்மைக் கதை போயிருந்தது. வரும்போது அதையும் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் வந்தால் காப்பி குடிப்பார்கள். பிடித்துப் போனால்தான் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். காப்பியோடு எழுந்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. பெரியவர்களுக்குத் தெரிந்த இந்த விவரத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் கவலையெல்லாம் அந்தக் குமிழை என் கையில் எப்போது தருவார்கள் என்பதுதான்.

அவர் வர வேண்டிய வாரம் பார்த்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக்குக் கீழே எவ்வளவு பாத்திரம் வைத்தாலும் ஒழுக்கு புது இடம் தேடிக்கொள்ளும். ஒரு நாள் அது மாமாவின் பெட்டியைத் தேடிக்கொண்டது. ஏலக்காய்க் கடை பாய் வீட்டு டி.வி.யில் சொருகிப் பார்த்தால் உயிரில்லை.

அப்பா குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பெரிக்கிறவர். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, கீழே குழாய் வழியாகச் சூடு ஓடவிட்டுக் காய வைக்கும் இடம் அது. நனைந்த டிரான்சிஸ்டர், நனைந்த பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் அவர் கையில் காய்ந்து திரும்பியிருக்கின்றன.

“விடு மாப்ளே. ஸ்டோர்ல ஒரு மூட்டம் தீ போட்டா காயாதது இந்த உலகத்துல இல்ல” என்று பெட்டியைத் துண்டில் சுற்றி மலைக்கு எடுத்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது பெண் வீட்டார் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏலக்காய்க் கடை பாய் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய டி.வி. கம்பளி போர்த்தித் தயாராக இருந்தது. மாமா ஒயரைச் சொருகினார். படம் வந்தது. அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். ஆனால் ஒரு கைப்பிடி உருகி வளைந்திருந்தது. அதன் குமிழ் பாதிக்கு மேல் திரும்பவில்லை, கோடு திரையின் மேல்பாதியிலேயே நின்றது. ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. மாமா அதைத் தான் வைத்துக்கொண்டு நல்லதைப் பெண்ணின் அப்பாவான பெரியவரிடம் நீட்டினார்.

“ஒரு ஆட்டம் பாக்குறீகளா மாமா?”

“எனக்குச் சோலி கெடக்கு தம்பி. சோளக் கொல்லைக்கு ஆனை வருது. வெரசாக் காட்டு.”

வெரசாக முடியவில்லை. பெரியவர் ஜெயித்தார். திரும்பவும் ஜெயித்தார். “ஆனைய வெரட்டுறதுக்கு இது தேவல” என்று வேட்டியை மடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். மாமா சிரித்தபடி தோற்றுக்கொண்டிருந்தார்.

“எம்புட்டு நாளா வச்சிருக்க, ஆடத் தெரியலயே. இந்தா, இதப் பிடி. அதக் கொண்டா.”

மாமா தயங்கினார். பெரியவர் பிடுங்கித் திருகினார். கோடு கீழே வரவில்லை. கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தார், பிறகு மூக்கருகே கொண்டு போனார்.

“என்ன தம்பி, துபாய்ல ஏலக்கா வெளையுதா?”

கதவோரம் நின்ற அப்பா, “அது வந்துண்ணே...” என்று ஆரம்பித்தார்.

“மழையில நனஞ்சிருச்சு மாமா. நாந்தான் காய வச்சேன். சூடு கூடிப் போச்சு” என்றார் மாமா.

பெரியவர், புகையில் சிவந்து கிடந்த அப்பாவின் கண்களைப் பார்த்தார். சட்டையிலிருந்த கரியைப் பார்த்தார். துளி கறை படாத மாமாவின் வெள்ளைச் சட்டையையும் பார்த்தார். “ம், ஆடு” என்றார். வளைந்த கைப்பிடியை அவர் திருப்பித் தரவில்லை. அதை வைத்தே ஆடி, கடைசிவரை தோற்றார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்ததில் என்னென்னவோ விளையாட்டுப் பெட்டிகளைப் பார்த்துவிட்டேன். ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரே மாதிரி சிரித்த ஆட்டத்தை அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன்.

பெரியவர் எழுந்தார். கிளம்புகிறார் என்று நினைத்து அம்மா இன்னொரு டம்ளர் காப்பியோடு வந்தாள்.

“காப்பி கெடக்கட்டும் ஆத்தா. இலையப் போடு” என்றார் அவர். மாமா பக்கம் திரும்பி, “வாங்க மாப்ளே, கை கழுவுவோம்.”

அம்மா காப்பியை அப்படியே தரையில் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். அப்பா கொல்லைப்புறம் போய் வேண்டியதற்கு மேல் இலை அறுத்தார். எல்லோரும் சாப்பாட்டில் இருந்தபோது குமிழ் என் கைக்கு வந்தது, வளைந்ததுதான். திருகிக்கொண்டே இருந்தேன். இந்த ஆட்டம் ஆடினால் இவ்வளவு பசிக்கும் போலிருக்கிறது என்று நினைத்து, என் பசிக்காகக் காத்திருந்தேன்.