எட்டுத் தொப்பிகளும் ஒரு செயினும்

அன்று நகைக்கடையில் இருந்தவர்கள் மாமா, கடைக்கார சேட்டு, நான். மூன்றே பேர். அத்தை இல்லை. இதை எங்கள் வீட்டில் பிற்பாடு பலமுறை விசாரித்துவிட்டார்கள். நானும் ஒரு வார்த்தை மாற்றாமல் இதையேதான் சொல்லிவருகிறேன்.

மாமா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வாரமெல்லாம் ரயிலுக்கு உழைப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் தன் பழைய சின்னக் காருக்கு. அந்த மாதம் ஊருக்கு வெளியே ஒரு பந்தயம் இருந்தது. போன தடவை பாதி தூரத்திலேயே வால்வு வளைந்து கார் நின்றுபோனது. வால்வை மூடுகிற ஸ்பிரிங்கின் தலையில் வட்டமாக ஒரு தொப்பி உட்கார்ந்திருக்கும். அது கனமாக இருந்தால், வேகம் ஏற ஏற ஸ்பிரிங்கால் அதை இழுத்துவர முடியாது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் வந்து முட்டிவிடும். இன்னொரு தடவை முட்டினால் காரை விற்றுவிட வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தாள்.

ஆகவே லேசான தொப்பி வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லி, எட்டு வால்வுக்கும் எட்டெட்டாக மூன்று வகை வாங்கிவந்தார் மாமா. துல்லியமாக நிறுக்க நகைத்தராசுதான் சரி என்று சேட்டு கடைக்குப் போனோம். எடையை எழுதும் வேலை எனக்கு. பின்னால் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் கையெழுத்தை நம்பி ஒருவர் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

மேசை என் மூக்கு வரை இருந்தது. தராசுத் தட்டு தெரியாது; சிவப்பு எண்கள் மட்டும் தெரியும். இரும்பு, 21.300. டைட்டானியம், 12.050. அலுமினியம், 8.100.

"அலுமினியம்தான் மாமா லேசு."

"லேசா இருந்தாப் போதுமா? தேய்ஞ்சுபோய் இன்ஜினுக்குள்ள விழுந்துரும்டி."

அது விழுவதும் கார் கவிழ்வதும் மாமாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அங்கேயே என் கண்ணில் ஓடின. டைட்டானியம் உடையாதில்ல, உடையாதில்ல என்று நாலு தடவை கேட்டேன்.

"நக்கோ டென்ஷன், பயப்படாத. எட்டையும் நிறுப்போம், நீயே பாரு."

எட்டும் ஏறக்குறைய ஒரே எடை. ஒவ்வொரு எண்ணுக்கும் நான் குதித்தேன். சேட்டுகூடச் சிரித்துவிட்டார். விலையை மட்டும் மாமா முணுமுணுத்தபடி இரண்டு முறை கணக்குப் போட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார்.

"செயின் எவ்வளவு வருது, சேட்டு?"

24.150. அதையும் எழுதினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வால்வுகளை ஓட்டும் டைமிங் செயினை அந்த வாரம்தான் இரண்டு கையாலும் தூக்கியிருந்தேன். மாமா அதற்கும் இப்படி ஒரு லேசான செயின் கண்டுபிடித்துவிட்டாரே!

வீட்டுக்கு ஓடினேன். அத்தை வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, மாமா செயினையும் லேசாக்கிட்டாரு. வெறும் இருபத்திநாலு கிராம்தான்."

அத்தையின் கத்தி நின்றது. "அப்படியா? நோட்டைக் காட்டு." பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடைசி வரியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். படித்தேன். எழுந்துபோய் பீரோவைத் திறந்தாள். அத்தைக்கு இன்ஜின் மேல் இவ்வளவு ஆர்வமா என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பந்தயத்தில் அந்த எட்டுத் தொப்பிகளும் கடைசிவரை தாங்கின. கார் அலறிக்கொண்டு போனதைப் பார்த்து நானும் அலறினேன். இரண்டாம் பரிசு, ஒரு கோப்பை. அத்தை வரவில்லை, ஏன் வரவில்லை என்று நான் கேட்கவும் இல்லை.

செயினை அத்தை தன் சம்பளத்தில் அடகிலிருந்து மீட்டுக்கொண்டாள். என் நோட்டு இன்றும் அவள் பீரோவில், செயினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் கடைசி வரிக்குக் கீழே அவள் கையெழுத்தில் மாமா திருப்பிக் கொடுத்த தொகைகள் வரிசையாக இறங்குகின்றன. போன மாதம் எழுதியபடி, பாக்கி நாலாயிரத்து இருநூறு ரூபாய்.