நாற்காலிக்கு நேரே ஒரு மான் தலை

ரெய்னர்ஸ் லேனில் என் கீழ்வீட்டுக்காரர் அவர். குட்டையான உருவம், சோப்புத் தண்ணீரில் ஊறி வெளிறிய விரல்கள். ஸ்காட்லாந்துக்கு வேட்டைக்குப் போனால், சுட்ட மானின் தலையைக் கொண்டுவந்து சமையலறையில் அவிப்பார். நாற்றம் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை போடுவதற்காகவே கதவைத் தட்டினேன்.

நான் வாயைத் திறக்குமுன், "வாங்கோ தம்பி, உள்ளுக்கு வாங்கோ" என்றார். அடுப்பில் பெரிய பானை இருந்தது.

"கொதிக்க விட ஏலாது. பல்லெல்லாம் கழண்டு போடும். மெல்லிய நெருப்புத்தான்."

இறைச்சி கழன்றதும், தலைமுடி வெளுக்கக் கடையில் விற்கும் திரவத்தில் எலும்பை ஊறவைத்துப் பலகையில் பொருத்துவாராம்.

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை எனக்குத் தந்துவிட்டு, நின்றபடியே தேநீர் குடித்தார். எதிர்ச் சுவரில், உட்கார்ந்திருந்த என் முகத்துக்கு நேரே, கொம்போடு ஒரு மண்டையோடு.

"ஏன் இவ்வளவு கீழே மாட்டியிருக்கீங்க?"

"மேல கொழுவினா வாற ஆக்களுக்குத்தான் வடிவு. இஞ்ச ஆர் வருகினம்? சாப்பிடேக்க முன்னுக்கு ஒரு முகம் வேணும்."

சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்தேன். வாசல்வரை வந்து அவரே சொன்னார்:

"அடுத்தமுறை அவிக்கேக்கயும் மணக்கும், தம்பி. கட்டாயம் வந்து ஏசுங்கோ."