ஈயம் வைத்த சம்புடம்

ஹோட்டலில் காப்பி வந்ததும் கணேசமூர்த்தி உடனே குடிக்கமாட்டான். பில் துண்டை எடுத்து டம்ளரின் வாய்மேல் மெல்ல வைப்பான். காகிதம் முதலில் ஆவியில் நனையும். பிறகு ஓரம் சுருளும். ஒரு பக்கம் மட்டும் மயிரிழை அளவு தூக்கிக்கொண்டு நடுங்கும். அதுவரை இடது கையை டம்ளருக்குக் குறுக்கே, ஈ ஓட்டுகிறவன்போல மறைப்பாக வைத்திருப்பான். எதிரே யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் துண்டைச் சட்டென்று எடுத்துவிட்டு, "ரொம்ப சூடு" என்பான், யாரும் கேட்காமலே. ஈரமான பில்லைக் கல்லாவில் நீட்டும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். என்னவோ திருடிவிட்ட மாதிரி இருக்கும்.

முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. பாண்டி பஜாரில் கோவில்பட்டிக்காரர் நடத்திய ஜவுளிக்கடையில் சட்டைத்துணி கவுண்டர் அவனுடையது. இருப்பு மயிலாப்பூரில், முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பின்னால் பல குடித்தனங்கள் இருந்த ஒரு ஸ்டோரின் கடைசி அறை. கடையில் அவனைப் பற்றி யாருக்கும் புகார் கிடையாது. நினைவும் அதிகம் கிடையாது.

1973 கோடையில், லஸ் முனையில் பழைய புத்தகம் பரப்பியிருந்த இடத்தில் அட்டை போன ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை அவன் கையில் அகப்பட்டது. நடுவில் நாலு பக்கம், உள்ளங்கை அளவுள்ள ஒரு நீராவி இன்ஜினைச் செய்வது எப்படி என்று படங்களோடு எழுதியிருந்தது. வால்வு கிடையாது. சிலிண்டரே தொட்டில்போல ஆடும். ஒரு பக்கம் சாயும்போது ஆவியை வாங்கிக்கொள்ளும், மறுபக்கம் சாயும்போது வெளியே விடும். தலைப்பில் 'தொடங்குகிறவர்களுக்கு' என்று போட்டிருந்தது. மற்ற வரிகளுக்கெல்லாம் அகராதி பார்த்தவன், அந்த ஒரு வார்த்தையைத் தானாகவே புரிந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை நடந்தது. பித்தளைக் குழாயில் ஒரு துண்டு சிலிண்டர் ஆயிற்று. பிஸ்டனுக்காகப் பித்தளைத் தண்டை அரத்தால் ராவினான். குழாய்க்குள் அது சிக்காமல் போய்வர வேண்டுமே, அதற்குப் பல்பொடியையும் எண்ணெயையும் குழைத்துப் பூசி, மணிக்கணக்காக உள்ளே வெளியே இழுத்துத் தேய்த்தான். சக்கரம் ஒரு செத்த தையல் மிஷினிலிருந்து வந்தது.

"என்ன, ஆத்துல ஓயாம எதையோ ராவிண்டே இருக்கேள்?" என்றாள் பக்கத்துப் போர்ஷன் கோமளம் மாமி.

"தாழ்ப்பாள் ரிப்பேர், மாமி."

"ரெண்டு மாசமாவா?"

கழுதை வயதில் பொம்மை செய்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

பாக்கி இருந்தது தண்ணீர் கொதிக்கும் பாத்திரம். செத்துப்போன அவன் அம்மா காப்பிப்பொடி போட்டுவைத்த பித்தளைச் சம்புடம் அறையில் இருந்தது. அதுவே அளவு. வெள்ளி கலந்த பற்றால்தான் ஒட்டவேண்டும் என்று பத்திரிகை இரண்டு இடத்தில் அடித்துச் சொல்லியிருந்தது. வெள்ளிக்கு நாம் எங்கே போக, வெள்ளைக்காரன் சொகுசு என்று அந்த வரிகளைத் தாண்டிப் போய்விட்டான்.

கச்சேரி ரோடு திருப்பத்தில் கரீமுல்லாவின் ஸ்டவ் ரிப்பேர் கடை. அவருக்குக் கணேசமூர்த்தியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். எப்போதும் நாலு பம்ப் ஸ்டவ்வை வயிறு திறந்து வைத்துக்கொண்டு, அதில் எதையும் பார்க்காமல் போகிறவர் வருகிறவரோடு பேசிக்கொண்டிருப்பார்.

சம்புடத்தைத் திருப்பிப் பார்த்தார். "இன்னா நைனா இது?"

"மூடிய ஒட்டணும் பாய். மூடியில ஒரு சின்ன குழாய் வைக்கணும்."

"வைக்கலாம். இன்னாத்துக்கு?"

கடைவாசலில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். கணேசமூர்த்திக்குக் காது சூடேறியது. கையில் இருந்தது அம்மாவின் சம்புடம். வாய் தானாகச் சொல்லிற்று: "அம்மாவுக்கு. மூச்சிரைப்பு. ஆவி பிடிக்க."

கரீமுல்லாவின் பேச்சு நின்றது. எல்லா ஸ்டவ்வையும் தள்ளிவைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தார். "ஆவிக்கின்னா ஈயம் போதும். வாய்தான் தொறந்து கீதே." ஈயத்தை உருக்கி மூடியைச் சுற்றிப் பற்று வைத்தார். செம்புக் குழாயைச் செருகினார். அதன் நுனியை ஊமத்தம்பூ மாதிரி விரித்து, விளிம்பை மடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தன் மேலுதட்டில் வைத்துப் பார்த்தார். "வயசானவங்க. தோலு மெல்லிசா இருக்கும், கீறிடும்."

கூலி வாங்கவில்லை. "அம்மா பேரு இன்னா?" என்று மட்டும் கேட்டார்.

"இசக்கியம்மாள்." அந்த ஒன்று உண்மை.

ஊமத்தம்பூ வாய் இன்ஜினில் பொருந்தாது. அடுத்த ஞாயிறு ரம்பத்தால் அதை அறுத்து எடுத்தான். செம்பு மிருதுவானது, சீக்கிரம் அறுந்தது. துண்டைத் தூக்கிப்போட மனம் வராமல் பெட்டிக்குள் வைத்தான். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. வேறு இடத்தில் வைத்தான். அங்கேயும் பட்டது.

வேலைக்குப் போகும் வழியே கச்சேரி ரோடுதான்.

"அம்மா எப்டி கீறாங்க நைனா?"

"பரவாயில்ல பாய்."

"தூக்கம் வர்தா?"

"வருது. இப்ப நல்லா வருது. அந்தச் சம்புடந்தான்..."

"பாத்தியா!" என்பார் கரீமுல்லா, வெற்றியோடு. ஒருநாள் சளி கட்டியாக வருகிறதா தண்ணியாக வருகிறதா என்று கேட்டார். அதற்கும் கணேசமூர்த்தி பதில் சொன்னான். செத்து ஆறு வருஷமான அம்மாவின் சளிக்கு நடுத்தெருவில் நின்றுகொண்டு விவரம் சொன்னான்.

இன்ஜின் ஓடுவதாக இல்லை. ஆவி சிலிண்டர் இடுக்கில் கசிந்து உஸ்ஸென்று அழுதது. சிலிண்டரை அழுத்திப் பிடித்த ஸ்பிரிங்கை இறுக்கினால் சக்கரம் நின்றது, தளர்த்தினால் ஆவி போயிற்று. செப்டம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம், ஸ்பிரிட் விளக்கை அடியில் வைத்து, சக்கரத்தை விரலால் தட்டிவிட்டபோது அது நிற்கவில்லை. இன்னொரு சுற்று போனது. இன்னொன்று. பிறகு டக டக டக என்று, தன்பாட்டுக்கு, அவன் அங்கே இருப்பதே தெரியாததுபோல ஓடிற்று. கணேசமூர்த்தி தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தான். எத்தனை நிமிஷம் பார்த்தான் என்று தெரியாது. உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டிருந்ததும் தெரியாது.

சிலிண்டர் ஆவியின் வழியை அடைத்த நிலையில் சக்கரம் நின்றது. தட்டிவிடக் கை நீட்டினான். தண்ணீர் தொடாத இடத்தில் ஈயம் ஏற்கெனவே இளகியிருக்க வேண்டும். மூடி எகிறிக் கூரையில் மோதிற்று. இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஆவி அடித்தது. முகத்தைத் தரையிலிருந்து எடுத்து ஒரு நொடிதான் ஆகியிருந்தது.

"தாழ்ப்பாள் வெடிச்சுடுத்தா?" என்று சுவருக்கு அந்தப்பக்கம் மாமி கேட்டாள்.

புதன்கிழமை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கவுண்டரில் நின்றபோது, கரீமுல்லா கடைக்குள் வந்தார். கூட அவர் மனைவி அஸ்மத்துன்னிசா. கரீமுல்லாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. துணி எதையும் பார்க்காமல் நேரே அவனிடம் வந்தார்.

"நைனா, அம்மா எப்டி கீறாங்க? அந்தச் சம்புடம்..."

அடுத்த கவுண்டரில் சேலை மடித்துக்கொண்டிருந்த அய்யாதுரை அண்ணாச்சி தலை நிமிர்ந்தார். "யாரு அம்மா? ஏல மூர்த்தி, ஒங்க அம்மையையா கேக்காரு? பாய், அவுக தவறி ஆறு வருசம் ஆச்சே. நான்லா ஊருக்குப் போயிக் கேதம் விசாரிச்சேன்."

மீட்டர் கோல் கணேசமூர்த்தி கையில் இருந்தது. கல்லாவிலிருந்த முதலாளி வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள்.

கரீமுல்லா அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு நெற்றியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, வேற ஆளுப்பா. ஸ்டவ்வுக்கு ஒருத்தர் வருவாரு, மூஞ்சி இதே மாரி கீது. மன்னிச்சிக்க சார்."

"ஒலகத்துல ஏழு பேரு ஒரே மூஞ்சியாம்லா," என்றார் அய்யாதுரை. "ஆனா இவன் மூஞ்சிக்கு ஒண்ணே சாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். அஸ்மத்துன்னிசா சும்மா நிற்க முடியாமல் ஒரு நீலத் துணியைக் காட்டினாள். கணேசமூர்த்தி இரண்டரை மீட்டர் அளந்து, கத்தரியால் ஓரத்தில் நறுக்கி, கிழித்தான். பத்து வருஷமாக நூல் பிடித்த மாதிரி கிழிப்பவன். அன்று துணி கோணிக்கொண்டு போயிற்று. வேறு துண்டு தருகிறேன் என்றான். "இதே போதும் சார்," என்றார் கரீமுல்லா.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவன் கச்சேரி ரோடு பக்கமே போகவில்லை. கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு போய் பஸ் பிடித்தான், இரண்டு நாள் தாமதமாகி முதலாளியிடம் பேச்சு வாங்கினான். அந்த ஊரில் அவன் வீட்டு நலம் கேட்ட ஒரே மனுஷரிடம் இனி முகம் காட்ட முடியுமா முடியாதா என்பதைத் தவிர அவனுக்கு வேறு யோசனை ஓடவில்லை. போகாமல் இருந்துவிடலாம், அவர் தேடி வரப்போவதில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

நாலாவது ஞாயிறு, வாய் பிளந்த சம்புடம், சிலிண்டர், சக்கரம் எல்லாவற்றையும் கடைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் பரப்பினான். அறுத்து எடுத்த ஊமத்தம்பூ நுனியையும் வைத்தான்.

"அம்மா இல்ல பாய். பொய் சொன்னேன். இது... இன்ஜின். பொம்மை மாதிரி."

கரீமுல்லா சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். சிலிண்டர் ஆடுவதைப் பார்த்தார். பிறகு அவன் முன்கையைப் பார்த்தார். பிடித்துத் திருப்பி, புதுத் தோலை வெளிச்சத்தில் பார்த்தார்.

"பொம்மைன்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? சிரிச்சிருப்பேன். அவ்ளோதான? சிரிச்சிட்டு, பித்தளைப் பத்து வச்சிக் குட்த்திருப்பேன். ஈயம் வச்சதுல போய் வாய அடைச்சி நெருப்பு வச்சிருக்கியே! கண்ணு போயிருந்தா? எவன் வச்ச பத்துன்னு கேப்பான்? என் பேரத்தான சொல்வான்?"

குரல் உயர்ந்தது. ஸ்டவ் வாங்க வந்தவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். கணேசமூர்த்தி தலையைக் குனிந்து நின்றான்.

"வச்சிட்டுப் போ. ஒரு வாரம் ஆவும்."

ஒரு வாரத்தில் தயாராக இருந்தது. ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பித்தளையாலேயே பற்று வைத்திருந்தார். பழைய ஸ்டவ்வின் காற்றுத் திருகை மூடியில் பதித்து, அடியில் ஸ்பிரிங் கொடுத்து, அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்கிற மாதிரி செய்திருந்தார். இந்தத் தடவை கூலி சொன்னார். வாங்கிக்கொண்டார். "பாதி தண்ணிக்குக் கீழ போவ விடாதீங்க, சார்" என்றார்.

இன்ஜின் அதன்பிறகு நன்றாக ஓடியது. கணேசமூர்த்தி ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டினான், மாமி எட்டிப் பார்த்து, "இதுதான் தாழ்ப்பாளா?" என்றாள். கச்சேரி ரோடு வழியாகவே போய்வந்தான். கரீமுல்லா கையைத் தூக்கி சலாம் வைப்பார். நைனா என்று பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.

எழுபத்தைந்தில், ரம்ஜானுக்கு முன்னால், அஸ்மத்துன்னிசா தனியாகக் கடைக்கு வந்தாள். கூட்டம் இல்லாத நேரம். பிள்ளைக்குச் சட்டைத்துணி பார்த்துக்கொண்டே, இன்ஜின் ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது என்றான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்கு நாங்க துணி எடுக்க வரல அண்ணே. உங்க அம்மாவுக்கு நல்லா கீதுன்னு சொன்னீங்களே, அத்த நம்பி எங்க அம்மாவுக்கும் அதே மாரி ஒண்ணு செஞ்சாரு. தண்ணி கொறஞ்சி, ஈயம் உருகி, சுடுதண்ணி அவங்க முட்டியில கொட்டிடுச்சி. மறுநாளே உங்க அம்மா கையிலேர்ந்து அத்த வாங்கிடணும்னு ஓடியாந்தாரு. உங்க வீடு தெரியாது, கடைதான் தெரியும். ஆம்பள மட்டும் பதறிக்கினு வந்தா நீங்க பயந்துடுவீங்கன்னு என்னிய இட்டுக்கினு வந்தாரு. உங்க அம்மா செத்துட்டாங்கன்னு அந்த அண்ணாச்சி சொன்னாரு பாருங்க, இவரு வெளிய போயி பிளாட்பாரத்துலயே குந்திக்கினாரு. கோவமே வரல அப்போ. 'நல்லவேள, அவங்களுக்கு ஒண்ணும் ஆவல'ன்னு சொல்லிக்கினே இருந்தாரு."