பாமன்கடை வரை வந்த மருந்து

அண்ணா போய் ஒரு வருடம் ஆகிறது. ஆண்டுத் திவசத்துக்கு வந்து, எங்களோடு இருந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிச் செல்லும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம்.

இதை அண்ணாவின் மகன்தான் எழுதியிருக்க வேண்டும். "மாமி, நீங்கள் எழுதுங்கோ, எனக்கு அந்தத் தமிழ் வராது" என்று லண்டனில் இருந்து சொல்லிவிட்டான். எனக்குத் தமிழ் வரும் என்பதற்காக நான் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணா எப்படிப் போனார் என்பது பற்றி ஒரு வருடமாக எங்கள் சொந்தத்துக்குள் ஒரு கதை ஓடுகிறது. லண்டனில் இருந்து அவருக்கு மருந்து கொண்டுவந்த எங்கள் மச்சாள், மகளின் கலியாணக் கொண்டாட்டத்தில் அதைக் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டார் என்பதுதான் அந்தக் கதை. போகிற வீடுகளில் எல்லாம் சொல்லிச் சொல்லி அதற்குக் கையும் காலும் வைத்துவிட்டீர்கள். அது உண்மையில்லை. உண்மை எனக்குத் தெரியும். ஆனால் முதலில் அண்ணா எப்படிப்பட்ட மனிதர் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்த கொடுமை உங்களுக்கு விளங்காது.

அண்ணா பிறந்தது கொட்டாஞ்சேனையில். ஐயா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒரு கொம்பனியில் எழுதுவினைஞராக இருந்தார். இரண்டு அறை வாடகை வீடு. பக்கத்து வீடுகளில் எல்லாம் துறைமுகத்தில் வேலை செய்த கத்தோலிக்கக் குடும்பங்கள். கப்பல் ஊதுவது கேட்டுத்தான் அம்மா உலை வைப்பார். அண்ணாவுக்குப் பத்தொன்பது வயதில் ஐயா காலமானார். படித்து என்ஜினியர் ஆக வேண்டும் என்றிருந்தவர், பாடக் கொப்பிகளைக் கட்டி மேலே போட்டுவிட்டு 'வார்ஃப் கிளார்க்' வேலைக்குப் போனார். வெளிநாட்டில் இருந்து வரும் சாமான்களுக்குச் சுங்கத்தில் பத்திரம் காட்டி, கப்பலடியில் இருந்து வெளியே எடுத்து, லொறியில் ஏற்றிக் கடைக்கு அனுப்புகிற வேலை. நாற்பது வருடம் அதையேதான் செய்தார்.

எண்பத்துமூன்று கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீடு எரிந்தது. அம்மாவும் நானும் முகாமில் இருந்தபோது, இரண்டு கிழமை முடிவதற்குள் அண்ணா கடன் வாங்கிய சேர்ட்டோடு வேலைக்குப் போய்விட்டார். "கோதுமை மாக் கப்பல் ஒண்டு நிக்குது, இறக்காட்டில் சனம் என்னத்தைச் சாப்பிடுறது" என்றார். எரித்த சனமும் அந்த மாவில் சுட்ட பாணைத்தானே சாப்பிடப் போகிறது என்று நான் கேட்டேன். அவர் சேர்ட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். அவருடைய குணம் அது. எனக்கு இன்றுவரைக்கும் அந்தக் குணம் வரவில்லை.

எந்தச் சாமானைப் பற்றிக் கேட்டாலும் அண்ணா மூன்று கேள்விதான் கேட்பார். எங்கை நிக்குது? ஆரின்ரை கையிலை நிக்குது? எப்ப வரும்? அதிலும் இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பார். "சாமான் கடலிலை பிந்துறேல்லை, தங்கச்சி. ஆயிரம் மைல் வந்திட்டு, கேற்றடியிலை ஆரோ ஒருத்தன்ரை மேசையிலை நிண்டுதான் பிந்தும்." பருப்புக் கறியைப் பிசைந்துகொண்டே அது எந்த நாட்டுப் பருப்பு, எங்கே கப்பல் மாறியது என்று சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். "பருப்புக்குச் சாதகம் பாத்தது போதும், சாப்பிடுங்கோ" என்று அண்ணி ஏசுவார். அண்ணி போனபிறகு ஏசுவது என் வேலையானது. நான் கலியாணம் செய்யாதவள். அண்ணாவும் நானுமாகத்தான் வெள்ளவத்தை வீட்டில் இருந்தோம்.

அந்த வீடு இருந்த சின்ன ஒழுங்கைக்கு நாங்கள் வந்தபோது ஏழு வீடுகள் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக இடித்துத் தொடர்மாடி கட்டினார்கள். எங்கள் வீட்டையும் கொடுத்து, ஐந்தாம் மாடியில் கடல் தெரியும் வீடு ஒன்று வாங்கினோம். புதிதாக எங்கே அத்திவாரம் வெட்டினாலும் அண்ணா போய் எட்டிப் பார்ப்பார். "இவ்வளவு சனத்துக்கும் காஸ், அரிசி, மருந்து எல்லாம் ஒரே துறைமுகத்தாலை வந்து, ஒரே காலி வீதியாலை வர வேணும். ஒரு இடத்திலை அடைச்சால் எல்லாரும் ஒண்டாய்த்தான் இருக்கப் போறம்" என்பார். உங்களுக்கு எந்த நேரமும் சாமான் கதைதான் என்று நான் வாயை அடைத்துவிடுவேன்.

ஓய்வுபெற்ற பிறகு இருதயத்தில் ஒரு வால்வு மாற்றினார்கள். இரத்தம் உறையாமல் இருக்க உயிர் உள்ளவரை தினம் ஒரு குளிசை போட வேண்டும். மூன்று மாதத்துக்கு வேண்டியதை ஒரு பிஸ்கட் டின்னில் கையிருப்பாக வைத்திருந்தார். அதற்குள்தான் டொலர் இல்லாமல் நாடு நின்ற அந்த வருடம் வந்தது.

உங்கள் எல்லோருக்கும் அந்த வருடம் தெரியும், நான் விவரிக்கத் தேவையில்லை. காசு கட்டாததால் இறக்காமல் நின்ற கப்பல்களை அண்ணா பல்கனியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். மின்சாரம் போனால் லிப்ட் நிற்கும், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஐந்து மாடிப் படி அவருக்கு ஆகாது. "நானும் இறக்காத கொண்டெயினர்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிசை தேடி வெள்ளவத்தைக் கடை எல்லாம் ஏறி இறங்கினேன். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நுகேகொடை வரை போனேன். அங்கே ஒரு கடைக்காரர் ஒரு அட்டையில் பாதியை வெட்டித் தந்து, மீதி இன்னொரு நோயாளிக்கு என்றார். டின் காலியாகிக்கொண்டு வந்தது.

அண்ணாவின் மகன் லண்டனில் டாக்டர் ஒருவரைப் பிடித்து ஆறு மாதத்துக் குளிசை வாங்கினான். அப்போது மாமாவின் மகள், நான் சொன்ன அந்த மச்சாள், மகளின் கலியாணத்துக்காகக் கொழும்புக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். பொதியை அவரிடம் கொடுத்துவிட்டான். எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. ஆர் வருகினம், ஆரின்ரை பெட்டியிலை இடம் இருக்கு என்று விசாரித்துத்தான் நாங்கள் இவ்வளவு காலமும் வாழ்கிறோம்.

மச்சாள் வருவதற்கு நாலு நாள் முன்பு, ரொறன்ரோவில் எங்கள் பெரியப்பாவின் மகன் காலமானார். நாங்கள் அவரைக் கண்டு இருபது வருடம். ஆனாலும் ஐயாவின் வழியில் இரத்த உறவு, முப்பத்தொரு நாள் துடக்கு, நல்ல காரியத்துக்கு ஆகாத மரணத் தீட்டு. கடுகுப் பொதிகூட வந்து சேராத அந்த நாட்களில், கனடாவில் இருந்து துடக்கு மட்டும் அதே நிமிடம் போனில் வந்து சேர்ந்தது.

மச்சாள் வந்து பாமன்கடையில் ஒரு வீடு எடுத்துத் தங்கினார். எங்கள் வீட்டில் இருந்து நடந்தால் இருபது நிமிடம். வந்த அன்றே போன் எடுத்தார். இனி நான் எழுதுவதை ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள்.

"மச்சாள், அத்தானின்ரை மருந்து கொண்டந்திருக்கிறன். இப்பவே கொண்டந்து தரட்டே?"

"ஐயோ, வேண்டாம் மச்சாள். இது துடக்கு வீடு. நீங்கள் நல்ல காரியத்துக்கெண்டு வந்து நிக்கிறியள்."

"அது பரவாயில்லை. வாசலிலை நிண்டு தந்திட்டு வாறன். மருந்தெல்லோ."

"சீ, பிறகு கலியாணப் பொம்பிளைக்கு ஒண்டெண்டால் எங்களைத்தான் சொல்லுவினம். கலியாணம் முடிஞ்சு நாலாஞ்சடங்கும் முடியட்டும். ஒரு அவசரமும் இல்லை."

ஒரு அவசரமும் இல்லை என்று சொன்னது நான். டின்னைத் திறந்து பார்க்காமல் சொன்னேன். மச்சாள் "நீங்கள் சொன்னால் சரி" என்றார்.

அண்ணா பல்கனியில் இருந்து வழக்கம்போல் கேட்டார்.

"எங்கை நிக்குது?"

"பாமன்கடையிலை."

"ஆரின்ரை கையிலை?"

"மச்சாளின்ரை கையிலை. நாலாஞ்சடங்கு முடியத் தருவா. உங்களிட்டைக் கிடக்குத்தானே?"

"ஓம், கிடக்கு, கிடக்கு. கலியாண வீட்டைக் குழப்பக் கூடாது" என்றார்.

ஊரார் சாமானுக்காக எத்தனையோ அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் நின்று தொண்டை வற்றக் கதைத்த மனிதர், தன் சாமானுக்கு அவ்வளவுதான் கதைத்தார். ஒன்பது நாள் அந்தப் பொதி பாமன்கடையில் இருந்தது. கலியாண வீட்டுப் படி துடக்குக்காரி மிதிக்கக் கூடாது என்று நான் போகவில்லை. ஓட்டோக்காரரை அனுப்பிக் கேட்டால் பறக்கிறோம் என்று நினைப்பார்களே என்று அனுப்பவில்லை. என் மரியாதை அப்படி இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அண்ணாவின் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை சரிந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. மின்சாரம் இல்லை. எங்கள் தொடர்மாடிக் காவலாளியும் மூன்றாம் மாடிப் பிள்ளைகள் இருவரும் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். "பய வென்ன எபா, மிஸ்" என்று, பயப்பட வேண்டாம் என்று, காவலாளி ஒவ்வொரு மாடியிலும் சொன்னார். தெருவில் ஒரு ஓட்டோ இல்லை, எல்லாம் பெற்றோல் வரிசையில். மரக்கறி விற்க வந்த சிறு லொறியில், கோவாவுக்கும் கரட்டுக்கும் நடுவில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். மருந்து ஒழுங்காகப் போட்டவரா என்று டாக்டர் கேட்டார். ஓம் என்றேன்.

பின்னேரம் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் டின்னைத் திறந்தேன். கத்தியால் பாதி பாதியாக வெட்டிய குளிசை மூன்று துண்டு கிடந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் பாதி போட்டிருக்கிறார். சத்தம் இல்லாமல் வெட்டியிருக்கிறார். பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தெரியவில்லை. அந்த டின்னை மூடிவிட்டு நான் அழுத அழுகை யாருக்கும் கேட்டிருக்காது.

மறுநாள் நாலாஞ்சடங்கு. விசயம் கேள்விப்பட்ட மச்சாள் விருந்தை விட்டு எழும்பி, உடுத்த பட்டும் கொண்டையில் பூவுமாக, பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வார்டுக்கு ஓடிவந்தார். இனி இது உதவாது என்று தாதி சொன்னார். அங்கே நின்ற எங்கள் ஆட்கள் மச்சாளை மேலும் கீழும் பார்த்தார்கள். "பட்டுடுத்துக்கொண்டு இப்பதான் மருந்தோடை வாறா" என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. மச்சாளுக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அடுத்த நாள் விடிய அண்ணா போய்விட்டார்.

செத்த வீட்டுக்கு நவ்ஷாட் நானா வந்திருந்தார். அண்ணாவின் சாமான்களை முப்பது வருடம் லொறியில் ஏற்றியவர், மாளிகாவத்தையில் இருப்பவர். அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "பாமன்கடையிலயா நின்டிச்சு?" என்று கேட்டார். "எனக்கு ஒரு போன் கோல் எடுத்தீந்தா சைக்கிள்ல சரி போய் எடுத்திட்டு வந்தீப்பேன் தானே, தங்கச்சி." நானாவுக்குத் துடக்கும் இல்லை, கலியாணமும் இல்லை. எங்கள் காவலாளிக்கும் இல்லை, அந்த மரக்கறி லொறிக்காரருக்கும் இல்லை. எங்கள் துடக்கு தொடாத மனிதர்களால் நிறைந்த நகரத்தில் நான் இருந்தேன். ஒருவரைக்கூட நினைக்கவில்லை.

பொதியை நானாவிடம் கொடுத்தேன். அவருடைய பக்கத்துத் தொடர்மாடியில் அதே வருத்தம் உள்ள நோயாளி ஒருவர் இருந்தாராம். ஒரு மணித்தியாலத்தில் அது அவரிடம் போய்ச் சேர்ந்தது.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அண்ணாவைச் சுமந்து இறக்கிய காவலாளிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும், வியாபாரத்தை விட்டுவிட்டு எங்களை ஏற்றிச் சென்ற லொறிக்காரருக்கும், பாதி அட்டையை வெட்டித் தந்த நுகேகொடைக் கடைக்காரருக்கும், வார்டில் பார்த்த டாக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், நவ்ஷாட் நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திவசத்தில் கூட நின்று சமைக்கும் எல்லோருக்கும் நன்றி. இதனால் என் மனம் ஆறும் என்று நான் எழுதவில்லை. அது ஆறாது, எனக்குத் தெரியும்.

கடைசி நன்றி மச்சாளுக்கு. "அவதான் வேண்டாம் எண்டவ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். ஒரு வருடமாகச் சொல்லவில்லை. மகளின் கலியாணப் படத்தைக்கூட ஒருவருக்கும் அனுப்பாமல் பழியைச் சுமந்துகொண்டிருக்கிறார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரின்ரை கையிலை நிண்டது என்று அண்ணா இன்று கேட்டால், என்ரை கையிலை அண்ணா என்றுதான் நான் சொல்ல வேண்டும்.

மச்சாள், இந்த மலரில் உங்கள் பிரதியை ஆட்களிடம் கொடுத்துவிடவில்லை. தபாலில் போட்டிருக்கிறேன். அடுத்த முறை கொழும்புக்கு வந்தால் நாள் பார்க்காமல் வீட்டுக்கு வாங்கோ. நான் தனியத்தான் இருக்கிறேன்.