மடவளைக்குப் போன சான்றிதழ்

வியாபாரப் பெயரைப் பதிய கிராம சேவகரின் கடிதம் இனித் தேவையில்லை என்ற சுற்றறிக்கை அன்று காலைதான் கண்டியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நானே அதை வாசித்து, இலக்கமிட்டு, கோப்பில் சேர்த்தேன். பத்து நிமிடம் கழித்து, அச்சாறு போட்டு விற்கும் பரீதாவை, கடிதம் இல்லையென்று அவருடைய ஊரான மடவளைக்குத் திருப்பி அனுப்பினேன்.

"இண்டைக்கு சர்டிபிகேட் காட்டாட்டி அச்சாறு எடுக்கிற கடைக்காரர் வேற ஆளப் பாத்துருவார், மிஸ்" என்று அவர் கெஞ்சினார். நான் கேட்கவில்லை. பல வருடப் பழக்கத்தில் வாய் தானாகப் பேசியது.

மதியம் சோற்றுப் பொதியைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. அவருடைய விண்ணப்பம் என் கந்தோர் மேசையிலேயே இருந்தது. மேலதிகாரியிடம் தவறைச் சொல்லி, சான்றிதழில் கையெழுத்து வாங்கி, மடவளைக்கு ஆட்டோ பிடித்தேன்.

கிராம சேவகரைக் காணாமல் திரும்பி, தன் வீட்டு வாசலில் சோர்ந்து நின்ற பரீதா, சான்றிதழைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "அல்லாஹ்வே, கந்தோரே ஊட்டுக்கு வந்திரிச்சி! உள்ளுக்கு வர நீங்க கடிதம் கொண்டாந்தீங்களா, மிஸ்?"

நானும் சிரித்தேன். அதே ஆட்டோவில் அவரையும் அச்சாறுப் போத்தல்களையும் ஏற்றிக்கொண்டு நேரே கடைக்குப் போனோம். கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.

"கடிதத்தோடு வாங்க" என்று நான் அனுப்பியவர்களின் முதுகை மட்டுமே அதுவரை பார்த்திருந்தேன். அவர்களில் ஒருவரின் வாசலில் நின்றது அன்றுதான்.