லிஃப்ட்காரரின் வீரன் ஏன் ஓடவில்லை

லிஃப்ட்காரர் வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. கீழ்த்தளத்துத் தையல்காரர் கணக்கில் போனது நகை. இரண்டாம் மாடி ஆசிரியை கணக்கில் வீட்டுப் பத்திரம். எடுத்தவன் யார் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அந்த வீட்டில் தங்கியிருந்த மச்சான்தான், மனைவியின் தம்பி. இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டியும் கையுமாக, லிஃப்டைக்கூடத் தொடாமல், ஐந்து மாடி ஏன் இறங்கிப் போகிறான்?

விசாரித்துப் பார்த்ததில் அந்த வீட்டில் ஒரு குண்டூசிகூடக் குறையவில்லை. காணாமல் போனது ஒரு வீரனின் ஓட்டம்.

செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் மச்சான், எட்டு மாதத்துக்கு முன் ஒரு கேம் மெஷினைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினான். "டென்ஷன் குறையும் மாமா" என்றான். கோட்டை, சூனியக்காரி, சிறகு முளைத்த பாம்பு என்று ஓடும் மாய உலக விளையாட்டு. அதில் லிஃப்ட்காரர் ஒரு தாடிக்கார வீரனை வளர்த்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பார்த்து உடை எடுத்ததில்லை என்பது மனைவியின் வாக்குமூலம்.

திரை ஓரத்தில் வரும் எண்களையும் அளவுகளையும் முதல் வாரமே அணைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மோட்டார் மூடியில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். "மீட்டர் பாத்து ரிப்பேர் பண்றவன்லாம் மெக்கானிக்கா?" என்பது அவர் வேதவாக்கு.

மூன்று வாரத்துக்கு முன் வீரன் ஓடுவதை நிறுத்தினான். ஓடுகிற பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறவன் மாதிரி நடந்தான். லிஃப்ட்காரர் முறைப்படி இறங்கினார். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். செருப்பை மாற்றினார். கவசத்தைக் கழற்றிப் பையில் வைத்தார். சத்திரத்தில் மூன்று நாள் தூங்கவைத்தார். ஒரு மந்திரவாதியிடம் கூட்டிப்போய்ச் சாபம் இருக்கிறதா என்று பார்த்தார். சாபம் இல்லை. மந்திரவாதிமேலும் சந்தேகம் வந்தது.

பாகங்களில் கோளாறு இல்லையென்றால், யாரோ கைவைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகுமுன் கேம் மெஷினின் பட்டன் பெட்டியின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்தார். மெஷின் ரூமில் அடுத்தவன் மூடியைத் திறந்தானா என்று கண்டுபிடிக்க அவர் செய்கிற வேலை அது. செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் டேப் கிழிந்திருந்தது. கடையில் பகல் ஷிப்டு முடிந்து வந்த மச்சான் சோபாவில் கால் நீட்டியிருந்தான்.

"டேப்பு கிழிஞ்சிருக்கு மச்சான்."

"எந்த டேப்பு?"

"தெரியாத மாதிரி கேக்கறான் பாரு. என் ஆளு காலுக்கு என்ன பண்ண?"

"மாமா, உங்க ஆளைத் தொட்டு எனக்கு என்ன ஆகப்போகுது?"

"அதத்தான் மூணு வாரமா நானும் யோசிக்கிறேன். கூட இருந்தே குழி பறிக்கிறவன் காரணத்தைச் சொல்லிட்டா பறிப்பான்?"

மச்சான் எழுந்தான். வீட்டுச் சாவியைச் செருப்பு ஸ்டாண்டின்மேல் வைத்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிற மனைவி வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டு ஏதோ சொன்னாள். லிஃப்ட்காரர் அப்போது வீரனின் காலடிச் சத்தத்தில் காதை வைத்திருந்தார். அவள் குரலை உயர்த்திச் சொன்ன கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது: "சனிக்கிழமைக்குள்ள நிரூபிங்க. இல்லன்னா அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டு, நீங்களே கூட்டிட்டு வாங்க."

வியாழக்கிழமை ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "கனம் ஜாஸ்தி. ரெண்டு பேர் இறங்குங்க." தொந்திக்காரர் ஒருவர், "நேத்து இதே ஆளுங்கதான் போனோம்" என்று சண்டைக்கு வந்தார். "நேத்து பையில என்ன வச்சிருந்தீங்க, இன்னைக்கு என்ன வச்சிருக்கீங்கன்னு லிஃப்டுக்குத் தெரியும் சார்" என்றார் லிஃப்ட்காரர். வீடு திரும்பும் வழியெல்லாம் மச்சானுக்குக் கூட்டாளி யார் என்ற யோசனை. தையல்காரர்மேல் ஒரு கண் வைத்தார்.

சனிக்கிழமை காலையில் மனைவி நாற்காலியை டிவி முன்னால் இழுத்துப் போட்டாள்.

"எங்க, உங்க நோயாளியை நடக்கச் சொல்லுங்க."

நடந்தான்.

"கேட்டியா? இடது கால் கொஞ்சம் லேட்டா விழுது. முட்டியில யாரோ கை வச்சிருக்காங்க."

"காதை விடுங்க. இதுல நம்பரெல்லாம் வருமே, எங்க?"

"அணைச்சு வச்சிருக்கு."

"யாரு அணைச்சா? என் தம்பியா?"

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "நான்தான்."

"எங்க கடையில யாரும் கண்ணை மூடிட்டு எழுத்துப் படிக்க மாட்டாங்க" என்று அவள் எண்களைப் போடவைத்தாள். திரையின் அடியில் சிவப்பாக ஒரு வரி வந்தது: தூக்கக்கூடிய சுமை முந்நூறு, தூக்கியிருப்பது முந்நூற்று நாற்பத்தொன்று.

வாள், கவசம், மருந்து எல்லாம் கூட்டினால் நூற்றுத் தொண்ணூறுதான் வந்தது. மிச்சம் எங்கே? பையில் அவர் ஒருமுறைகூடத் திறக்காத கடைசிப் பக்கத்தில் இருந்தது. இரும்புச் சாவி, அறுநூற்று நான்கு. ஒவ்வொன்றும் கால் பங்கு எடை, மொத்தம் நூற்று ஐம்பத்தொன்று. எட்டு மாதமாகத் திறந்த ஒவ்வொரு பெட்டியின் சாவியையும் வீரன் சுமந்துகொண்டிருந்தான்.

"திறந்த பெட்டிக்கு எதுக்குங்க சாவி?"

"எப்பவாச்சும் உதவும்."

மனைவி பரணைப் பார்த்தாள். இடித்துத் தள்ளிய கட்டடங்களின் லிஃப்ட் சாவிகள் அங்கே இரண்டு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. "ஊருக்கெல்லாம் தினமும் சொல்றீங்களே, கனம் ஜாஸ்தி, இறங்குங்கன்னு!"

"சரி, அப்ப அந்த டேப்பு?" சந்தேகம் சுலபத்தில் சாவதில்லை.

"தூசி துடைக்கும்போது நான்தான் கிழிச்சேன். செவ்வாய்க்கிழமையே சொன்னேன். நீங்க வீரனுக்கு நாடி பாத்துட்டிருந்தீங்க."

சாவிகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். நூற்று அறுபத்து நான்காவது சாவி விழுந்ததும் வீரன் ஓடினான். நூற்று அறுபத்தைந்தாவதை அவர் போடவில்லை.

மனைவி செருப்பு ஸ்டாண்டிலிருந்த வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்து வாசலைக் காட்டினாள்.

கடையில் மச்சான் கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஒரு போனைப் பிளந்துகொண்டிருந்தான்.

"என்ன மாமா, இந்தப் பக்கம்?"

"பக்கத்துல ஒரு லிஃப்ட். அவசர வேலை."

"டூல்ஸ் பை இல்லாமயா?"

லிஃப்ட்காரர் கூரையை ஆராய்ந்தார். "வீரன் ஓடறான்."

"நல்லது. யாரு கெடுத்ததாம்?"

"கனம் ஜாஸ்தியாயிடுச்சு."

"யாரு ஏத்தினது?"

"அது... சாவி." கையிலிருந்ததைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். "இது உன்னோடது. மறந்து வச்சுட்டு வந்துட்ட."

மச்சான் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தான். "அவ்வளவுதானா மாமா?"

லிஃப்ட்காரரின் வாய் திறந்தது. அந்நேரம் பார்த்து உடைந்த போனோடு ஒரு பெண்மணி வந்து நின்றாள். "நீ வேலையைப் பாரு, சாயங்காலம் வந்துரு" என்று லிஃப்ட்காரர் நழுவினார். படியிறங்கும்போது அந்தப் பெண்மணி சரியாக அந்த நொடியில் எப்படி வந்தாள் என்று ஒரு யோசனை ஓடியது. அவளை மச்சான் ஏற்பாடு செய்திருக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு வர அவருக்குப் பேருந்து நிறுத்தம்வரை ஆனது.

நகை திரும்பக் கிடைத்துவிட்டதாகக் கீழே தையல்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மச்சான் வரவில்லை. மனைவியின் போனுக்குச் செய்தி மட்டும் வந்தது. அவள் உரக்கவே படித்தாள்.

"அக்கா, சாவி வந்துருச்சு. கூட வரவேண்டிய ஒரு வார்த்தை இன்னும் வரல. அது வந்ததும் நான் வரேன்."

லிஃப்ட்காரர் டிவியின் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டிவைத்தார்.