அடுக்களையில் ஒரு பீப்பா

யுத்த காலத்தில் எங்கள் கடற்கரையூரில் வீட்டுக்கு வீடு அவசர மூட்டை கட்டினார்கள். குண்டு விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. அரிசி, பனங்கிழங்கு ஒடியல், உப்பு, தீப்பெட்டி, ஒரு போத்தல் மண்ணெண்ணெய். தண்ணீரை ஒருவரும் நினைக்கவில்லை. வளவுக்கு வளவு நல்ல கிணறு இருந்தது.

அம்மா மட்டும் ஐயாவின் பழைய கப்பலில் கிடந்த மரப் பீப்பாவைக் கழுவி, அடுக்களையில் கல்லடுக்கி ஏற்றி, தண்ணீர் நிரப்பினார். தண்ணீர் பழுதாகுமுன் ஊற்றிவிட்டு மறுபடி நிரப்புவார்.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னடி, பீப்பாவையும் தலையிலை வைச்சுக்கொண்டோ ஓடப்போறாய்?"

"ஓட ஏலாதவள் ஒருத்தி உள்ளுக்கை கிடக்கிறாள், மச்சாள். குண்டு விழேக்கை கிணத்தடிக்கு ஆர் போறது?"

அக்கா பிள்ளை பெற்று எழும்பாமல் கிடந்தாள். பிரசவத்தில் இரத்தம் அதிகம் போயிருந்தது.

ஐயா பாய்க்கப்பல் ஓட்டும் தண்டயல். கப்பலில் குடிதண்ணீரை அவரே தன் கையால் அளந்து கொடுப்பார். ஒருவருக்கு ஒரு தகரப் பேணி, மறுபேணி கிடையாது. அவரும் சிரித்தார்.

"இஞ்சாரும், இது வீடு. கப்பலில்லை."

குண்டு விழவில்லை. மாரியில் புயல் வந்தது. கடல் ஒடுங்கிய ஒழுங்கைகள் வழியே ஊருக்குள் ஏறிக் கிணற்றுக்கட்டுகளைத் தாண்டியது. விடிந்தபோது ஊர்க் கிணறெல்லாம் உப்பு. மேட்டு ஊர்களுக்குப் போகும் தெருவில் இடுப்பளவு வெள்ளம். மூட்டைகளில் அரிசி இருந்தது. உலை வைக்கத் தண்ணீர் இல்லை.

எங்கள் அடுப்பில் முதலில் கொதித்தது அக்காவுக்கான மல்லித்தண்ணீர். அவள் குடித்து முடித்துப் பிள்ளையை மடியில் வாங்கினாள். அதன் பிறகே அம்மா வாசலுக்கு வந்தார். மாமி செம்போடு நின்றார்; பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள்.

"பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு முதல்," என்றார் அம்மா.

"ஓமடி, நீ சொன்னபடி," என்றார் மாமி.

தெரு வடியும்வரை பீப்பா தாங்கியது. ஒரு குழந்தைக்கும் நாக்கு வறளவில்லை.

தண்ணீர் பங்கிட்ட முதல்நாள் மத்தியானம் ஐயா தன் பேணியைக் குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். அம்மா அகப்பையைப் பீப்பா மூடியில் வைத்தார்.

"கப்பலிலை மறுபேணி குடுக்கிறனியளோ?"

ஐயா பேணியைக் கவிழ்த்து வைத்தார்.

"இல்லை, தண்டயல்," என்றார்.

உள்ளே படுத்திருந்த அக்கா சிரித்தது எங்களுக்குக் கேட்டது.